காய்ச்சலுக்கு மட்டும் அடித்த மணி

அந்த வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. அதற்கு முன் யாரும் பார்த்திராத காய்ச்சல். பெயர் தெரியாததால் புதுக்காய்ச்சல் என்றே சொன்னார்கள்.

ஆற்றின் தென்கரையில் ஊர். ஊர் முடிகிற இடத்தில், படித்துறையை ஒட்டி ஒரு சின்ன மடம். மடத்தில் இரண்டே பேர் இருந்தார்கள்.

குரு ஒரு பெண். பெயர் பிரமநாயகி. எல்லாரும் அம்மை என்பார்கள். சீடர் தாண்டவர் அம்மையைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். மனைவி இறந்த பிறகு பலசரக்குக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மடத்துக்கு வந்தவர்.

அம்மைக்குக் கோபம் வரும். ஞானிகளுக்குக் கோபம் வராது என்று நம்பி வந்த சீடர்கள் எல்லாம் முதல் வாரத்திலேயே மூட்டையைக் கட்டிவிட்டார்கள். தாண்டவர் மட்டும் தங்கிவிட்டார்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் சாவு விழுந்தாலும், பாடையைத் தூக்குமுன் வீட்டார் ஒருவர் மடத்துக்கு வந்து திருநீறு வாங்கிப் போவார். அதை நெற்றியில் இட்ட பிறகுதான் எடுப்பார்கள். இலையில் மடித்துக் கொடுப்பது தாண்டவரின் வேலை.

காய்ச்சல் வந்ததும் ஊர்த்தலைவர் சிற்றம்பலம் மடத்துக்கு வந்தார்.

"தாயே, புதுக்காய்ச்சல்ல யாராவது போனா மடத்து மணிய ஒரு தடவ அடிங்க. சனம் கேட்டு உஷாரா இருக்கும்."

அம்மை யோசித்துவிட்டுத் தாண்டவரைப் பார்த்தாள். "அடியும்" என்றாள்.

மணி நன்றாகவே வேலை செய்தது. கொஞ்சம் அதிகமாகவே செய்தது. சத்தம் கேட்டால் சோற்றுக்குப் போன கை பாதியில் நிற்கும். அடுத்தது நம் வீடுதான் என்று ஒவ்வொரு வீடும் நினைத்தது. கதவுகள் பகலிலும் தாழிட்டுக் கிடந்தன.

வடகரையில் செங்கல் சூளைக்காரர்கள் குடிசை போட்டிருந்தார்கள். காய்ச்சலில் முதலில் போன கிழவர் சூளைக்காரர். அவ்வளவு போதாதா? சூளை ஆட்கள் ஆற்றைக் கடக்கக் கூடாது, ஊர் ஆட்கள் அங்கே போகக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். படித்துறையில் கம்போடு நாலு பேரை நிறுத்தினார்கள். ஊரில் இருந்த அத்தனை வீடும் அவர்கள் அறுத்த கல்லில் எழுந்ததுதான். கல்லில் மட்டும் காய்ச்சல் ஒட்டாது போலிருக்கிறது.

ஒரு நாள் காலையில் ஒரு ஆள் சொட்டச் சொட்ட நனைந்து மடத்து வாசலில் நின்றான். கம்புக்காரர்கள் கண்ணில் படாமல் மேற்கே தள்ளி ஆற்றில் இறங்கி நீந்தி வந்திருந்தான். பெயர் இசக்கிமுத்து. சூளையில் கல் அறுக்கிறவன்.

"சாமி, திருநீறு வேணும்."

"யாருக்கு?"

"எம் பொஞ்சாதிக்கு."

தாண்டவர் ஒரு எட்டு பின்னால் போனார். "காய்ச்சலா?"

"இல்ல சாமி. பிள்ளப்பேறு. நேத்து பொழுது சாய வலி கண்டுட்டு. காத்தாயி அக்காவ அனுப்புங்கன்னு அக்கரையில நின்னு தொண்ட கிழியக் கத்துனேன். கம்ப ஓங்குனாக. விடிய பிள்ள பொறந்துச்சு. ரத்தம் நிக்கல. போயிட்டா."

காத்தாயி ஊர் மருத்துவச்சி. இரு கரைக்கும் அவள் ஒருத்திதான்.

"பிள்ளை?" என்றார் தாண்டவர்.

"இருக்கு. பொட்டப்பிள்ள. சீனித்தண்ணியத் தொட்டு நாக்குல வச்சுட்டு வந்துருக்கேன். எங்க பக்கம் பால் குடுக்கிற பொம்பள ஒருத்தியும் இப்ப இல்ல."

தாண்டவர் திருநீற்றை இலையில் மடித்துப் படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். இசக்கிமுத்து எடுத்துக்கொண்டான். ஆனால் போகவில்லை.

"மணி அடிக்கலியே சாமி."

"அது காய்ச்சலுக்கு மட்டுந்தான்."

"அப்ப இவளுக்குக் கெடையாதா?"

"கெடையாது அப்பா."

உள்ளே இருந்து அம்மை வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். முகம் சிவந்திருந்தது. தாண்டவர் பக்கம் திரும்பவே இல்லை.

"தச்சர் தெருவுல பேச்சி பெத்து ஒரு மாசம் ஆகுது. அவளுக்குப் பால் இருக்கு" என்றாள் இசக்கிமுத்துவிடம். "பிள்ளைய இந்தக் கரைக்குக் கொண்டு வரணும். அதுக்கு என்ன செய்யணுமோ நான் பாக்கேன். நீ போய் உம் பொஞ்சாதிக்குச் செய்ய வேண்டியதச் செய்யி."

அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். அம்மை தானே போய் மணிக்கயிற்றை ஒரு தடவை இழுத்தாள்.

"அம்மா, அது காய்ச்சல் இல்லியே" என்றார் தாண்டவர். "ஊரு தப்பா நெனைக்கும்."

"ஊரு சரியா நெனச்ச லட்சணந்தான் நனைஞ்சுக்கிட்டுப் போகுது, பாரும். போய்ச் சிற்றம்பலத்துக்கிட்டப் படித்துறையத் தெறக்கச் சொல்லும்."

சிற்றம்பலம் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியே பேசினார்.

"பச்சப்பிள்ள தலைவரே. பால் இல்லாமக் கெடக்கு" என்றார் தாண்டவர்.

"எனக்கு மட்டும் மனசு இல்லியா? ஊரு பயந்து கெடக்கு வேய். இப்பக்கூட மணி அடிச்சுதே, உம்ம காதுல விழலியா?"

"அது காய்ச்சலுக்கு அடிச்சதில்ல."

"மணி மணிதான வேய். ஒரு முழு நாள் அது அடிக்காம இருக்கட்டும். நானே முன்ன நின்னு தொறையத் தெறக்கேன்."

தாண்டவர் திரும்பி வந்தார். வழியெல்லாம் யோசித்து ஒரு யோசனையோடு வந்தார்.

"அம்மா, ஒரு நாள் மணி அடிக்காம விட்டாப் போதும். காய்ச்சல்னு யாரு வந்தாலும் திருநீறக் குடுத்து அனுப்பிருதேன். ஊரு பயம் தெளியும். பிள்ள இக்கரைக்கு வந்துரும். செய்யலாமா?"

"செத்தவன மறைக்கச் சொல்லுதீரு."

"ஒரு நாள்தான அம்மா. ஒரு உசுருக்காக."

"நாளைக்கு அந்த வீட்டுக்காரன் வந்து, எங்கப்பனுக்கு ஏன் அடிக்கலன்னு கேட்டா? பிள்ளைக்குப் பால் வேணும், அதனால உங்கப்பன் சாகலன்னு சொல்லுவீரா?"

"பயம் போகணுமே அம்மா" என்றார் தாண்டவர்.

"கண்ணக் கட்டுனா பயம் போகாது. முட்டிக்கிட்டு விழுவான், அவ்வளவுதான். இன்னைக்குத் திருநீறு வாங்க வர்ற எல்லாருக்கும் மணி அடியும். எந்தச் சாவா இருந்தாலும் சரி."

"பயம் இன்னும் கூடுமே."

"கூடட்டும். அடியும்."

அன்று மணி ஓயவில்லை. மடத்துத் திருநீறு வாங்குகிற ஊர்கள் ஆற்றோரம் முழுக்க இருந்தன. ஒருவர் படியிறங்கிப் போகுமுன் அடுத்தவர் வந்தார். தாண்டவர் இலையை மடிப்பார், கேட்பார், கயிற்றை இழுப்பார். மத்தியானத்துக்குள் தோள் வலி எடுத்துவிட்டது.

அன்றைக்கென்று அதிகமாக யாரும் வரவில்லை. வழக்கமாக வருகிறவர்கள்தான் வந்தார்கள். இத்தனை வருஷம் தன் கையால் இலை மடித்துக் கொடுத்தும் தாண்டவருக்கு அது உறைத்ததில்லை. தோள் வலித்தபோதுதான் உறைத்தது.

வெயில் சாயத் தொடங்கியபோது ஊர் பொறுக்க முடியாமல் கதவைத் திறந்துகொண்டு வந்தது. சிற்றம்பலம் முன்னால் வந்தார். எல்லாரும் வாயில் துணி கட்டியிருந்தார்கள். காத்தாயியும் கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள்.

"என்ன தாயே நடக்குது?" என்றார் சிற்றம்பலம். "நாடே அழியுதா?"

"தாண்டவரே, இன்னைக்கு யார் யாருக்கு அடிச்சீருன்னு சொல்லும்" என்றாள் அம்மை.

தாண்டவர் நினைவிலிருந்து சொன்னார்.

"கீழத்தெரு கொம்பையா மகன். நாலு வயசு. பேதி. குளத்துத் தண்ணி. அதுக்கப்புறம் மேலக்காட்டுல ஒருத்தர், பனையில இருந்து விழுந்துட்டாரு. பாம்பு கடிச்சு ஒரு பொம்பள, அறுப்புக்குப் போன இடத்துல. வண்டி கொட சாஞ்சு ஒருத்தர். பெறகு கீழத்தெருவுலயே இன்னொரு பிள்ள, அதே பேதி, அதே குளம். காசத்துல ஒருத்தர். வயித்துக்கட்டியில ஒரு அம்மா. தூக்கத்துலயே போன பெரியவர் ஒருத்தர். இசக்கிமுத்து சம்சாரம், பிரசவம். இன்னும் இருக்கு."

"காய்ச்சல்ல எத்தன பேரு?"

"ரெண்டு பேரு அம்மா."

கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இம்புட்டுப் பேரு எப்ப இருந்து சாகாக?" என்றது ஒரு குரல்.

"எப்பவும்" என்றாள் அம்மை. "போன வருசமும் இதே அளவுதான். அதுக்கு முந்துன வருசமும். அந்தக் குளத்துத் தண்ணியில பிள்ளைக சாகுறது புதுக்காய்ச்சலுக்கு ரொம்ப முந்தியே உள்ளது. அப்ப எவனாவது கம்ப எடுத்துக்கிட்டுப் போய்க் குளத்தங்கரையில காவல் நின்னீங்களா?"

"அதுக்கு மணி அடிக்கலியே தாயே" என்றார் சிற்றம்பலம்.

"கொம்பையா உம்ம வாசல் வழியாத்தான இன்னைக்குப் பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டுப் போனான். மணி அடிச்சாத்தான் அது பிணம்னு தெரியுமா உமக்கு?"

சிற்றம்பலம் மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மெல்ல அவர் முகம் தெளிந்தது. வாயிலிருந்த துணியை அவிழ்த்தார்.

"அப்ப காய்ச்சல்னு ஒண்ணுமே இல்லன்னுதான ஆகுது? இத்தன சாவுல அது ரெண்டே ரெண்டு. நாமதான் கெடந்து நடுங்கிருக்கோம். நிறுத்தி வச்ச தேர வர்ற வெள்ளிக்கெழம இழுத்துருவோம்."

அதைக் கேட்கத்தான் காத்திருந்தது போல எல்லாத் துணியும் அவிழ்ந்தது. ஒருவன் சிரித்தான். இரண்டு பேர் வெகு நாளைக்குப் பிறகு தோளில் கை போட்டுக்கொண்டார்கள். வெற்றிலைப் பை கைமாறியது.

தாண்டவருக்கும் மனசு லேசானது. "பயம் போயிட்டு அம்மா" என்றார்.

காலையில் இருந்ததைவிட அம்மையின் முகம் இப்போது அதிகமாகச் சிவந்திருந்தது.

"காலையில ஊரே செத்துரும்னீங்க. இப்ப ஒருத்தனும் சாக மாட்டான்னுதீங்க. நடுவுல நிக்க உங்களுக்குக் காலே கெடையாதா?"

"நீங்கதான தாயே காட்டுனீங்க?"

"பாதியக் கேட்டுட்டு வடம் பிடிக்க ஓடச் சொன்னேனா? தாண்டவரே, வந்ததுல இருந்து இந்தக் காய்ச்சல்ல போனவுக யாரு, சொல்லும்."

தாண்டவர் யோசித்தார். இதுவரை அதை அவர் யோசித்ததில்லை.

"முக்காவாசிப் பேரு எழுவது தாண்டுனவுக. மிச்சம் முந்தியே நெஞ்சு கெட்டவுக. சூளைப் புகையில கெடந்தவுக. பிள்ளைக யாரும் இல்ல அம்மா."

"தலைவரே, உம்ம தாயாருக்கு வயசென்ன?"

வெற்றிலைக்குப் போன சிற்றம்பலத்தின் கை நின்றது. "எம்பது."

"சோறு ஊட்டுறது யாரு?"

"நாந்தான்."

"தேர்வடத்துல ஊரோட இடிச்சு நின்னுட்டு, அந்தக் கையோட போய் ஊட்டுவீரா?"

சிற்றம்பலம் துணியை எடுத்து மறுபடியும் வாயில் கட்டினார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் கட்டினார்கள். சிரித்தவன் தரையைப் பார்த்தான்.

"உமக்கு அது ரெண்டு நாள் பாயில போட்டுட்டுப் போயிரும். பெரும்பாலும் அப்படித்தான். உம்ம தாயாருக்கு அப்படி இல்ல" என்றாள் அம்மை. "யாருக்கு எம்புட்டோ, அம்புட்டுக்குப் பயப்படுங்க. கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம். இப்பச் சொல்லுங்க. அக்கரையில பொறந்து ஒரு நாள்கூட ஆகாத பிள்ள பட்டினி கெடக்கு. அது இங்க வந்தா இதுல யாரு சாவீக?"

"பிள்ள மேல காய்ச்சல் ஒட்டிருந்தா?" என்றான் கம்புக்காரர்களில் ஒருவன்.

"ஒட்டிருக்கலாம். இல்லன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். பேச்சிகிட்ட மத்தியானமே ஆள் விட்டு எல்லாத்தையும் சொல்லிக் கேட்டாச்சு. சின்ன வயசு, நெஞ்சு நல்லா இருக்கு, வீட்டுல முடியாதவுக யாரும் இல்ல. கொண்டாரச் சொல்லுங்கன்னுட்டா. பால் இல்லாட்டி என்ன ஆகும்னு காத்தாயிகிட்டக் கேளு."

எல்லாரும் காத்தாயியைப் பார்த்தார்கள்.

"நாளைக்குத் தாங்காது" என்றாள் காத்தாயி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "நான் போறேன். நேத்தே போயிருக்கணும். போனா திரும்ப ஊருக்குள்ள விட மாட்டோம்னாக. எம் பிள்ளைகள நெனச்சு வாசல்லயே நின்னுட்டேன். இப்பச் சொல்லுங்க அய்யா, திரும்பி வந்தா விடுவீகளா?"

சிற்றம்பலம் படித்துறைப் பக்கம் கையைக் காட்டினார். "கம்பக் கீழ போடுங்கலே" என்றார்.

விளக்கு வைக்குமுன் பிள்ளை வந்தது. காத்தாயி மார்போடு அணைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தாள். பேச்சி படித்துறைக்கே வந்து காத்திருந்தாள். பிள்ளைக்கு அழக்கூடச் சத்தமில்லை. முதலில் வாய் வைக்கத் தெரியாமல் திணறியது. பிறகு பிடித்துக்கொண்டது. அக்கரையில் இசக்கிமுத்து தண்ணீருக்குள்ளேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டம் கலைந்தது. தேர் ஓடாது என்று முடிவானது. கீழத்தெருக் குளத்தை நாளைக்கே இறைத்துச் சுத்தம் பண்ணுவோம் என்று நாலைந்து பேர் சத்தமாகச் சொன்னார்கள். நாளைக்கே என்று நம் ஊர்களில் சொல்வதற்கு என்ன அர்த்தமோ, அதே அர்த்தத்தில்தான் சொன்னார்கள். ஆனாலும் சொன்னார்கள்.

மடத்தில் மறுபடியும் இரண்டு பேர். தாண்டவர் தோளைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளும்."

"இன்னைக்கு எல்லாச் சாவையும் அதது இடத்துல வச்சுப் பாத்தேன். காய்ச்சல் ஒரு பக்கம், பேதி ஒரு பக்கம், பாம்பு ஒரு பக்கம். எது பெருசு எது சிறுசுன்னு இப்பத் தெளிவாத் தெரியுது. ஒருத்திய மட்டும் எங்க வைக்கிறதுன்னு தெரியல."

"யார?"

"இசக்கிமுத்து சம்சாரத்த. ஊர் முன்னால பிரசவம்னு சொல்லிட்டேன். ஆனா காத்தாயி சொல்லுதா, அது மாதிரி ரத்தம் போன பத்துப் பேருல எட்டுப் பேர அவ காப்பாத்தியிருக்காளாம். அப்ப அது பிரசவத்துல போன உசுரு இல்ல. காய்ச்சலும் அவளுக்கு இல்ல. பயத்துல போனான்னு வைக்கலாமா?"

"யாரு பயம்?"

"ஊரு பயம்."

"ஊருக்கு அந்தப் பயத்தக் குடுத்தது யாரு?"

தாண்டவர் மணிக்கயிற்றைப் பார்த்தார். "மணி."

"மணி தானா அடிச்சுக்கிட்டா?"

"இல்ல அம்மா. நான் அடிச்சேன்."

"காய்ச்சலுக்கு மட்டும் அடிக்கச் சொன்னது யாரு?"

தாண்டவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க" என்றார், வெளியே கேட்காத குரலில்.

அம்மையின் கோபம் இப்போதும் தணிந்திருக்கவில்லை. ஆனால் அது இப்போது ஊரின் மேல் இல்லை.

"அப்ப நம்ம ரெண்டு பேரு கணக்குல வையும்" என்றாள். "சிற்றம்பலமும் வந்து நிக்கணும்னா நிக்கட்டும். அவனுக்காக நம்ம பங்குல இருந்து நாம நகர வேண்டாம்."